மேல் ரேக்குக்கு நம்பர் கிடையாது

விமான நிலையத்தில் போர்டிங் அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுந்து வரிசை கட்டுகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சீட் நம்பர் போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கிறது, யாரும் அதைப் பிடுங்கப் போவதில்லை, கேட்டுக்கு வந்துவிட்ட ஆளை விட்டுவிட்டு விமானம் கிளம்பப் போவதுமில்லை, அப்புறம் எதற்கு இந்தத் தவிப்பு என்று. கேட்டில் நின்று வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முந்தி நிற்பவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். நம்பர் சீட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது, தலைக்கு மேலே இருக்கும் ரேக்குக்கு இல்லை. 11சி-யின் மேலே இருக்கும் இடம் 11சி-க்காரருக்குச் சொந்தம் என்று எந்த டிக்கெட்டிலும் எழுதியிருக்காது. முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான். இங்கே சீட்டை வீட்டிலிருந்தே பிடித்தாகிவிட்டதால் துண்டு ரேக்குக்கு ஏறிவிட்டது.

நான் முதலில் பெங்களூரில் பெரிய விமானங்களுக்கு கிரவுண்ட் ஸ்டாஃபாக இருந்துவிட்டு, பிறகு சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்து, சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்துக்கு வந்தவள். இந்த நிலையம் 1993-இலேயே வந்துவிட்டாலும், விமானம் வருவதும் சில வருஷம் ஓடுவதும் நிற்பதுமாகவே அதன் கதை போயிருக்கிறது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு ஒரு விமானம் ஓடியது, அதுவும் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் இங்கே வருவது ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் விமானம். ஒரு பக்கம் இரண்டு சீட், நடுவே ஒரே நடைபாதை, இன்னொரு பக்கம் இரண்டு சீட், மொத்தம் 70-லிருந்து 78 பேர் வரை உட்காரலாம். கேபின் க்ரூ இரண்டே பேர்.

இந்த விமானத்தில் எல்லாமே தலைகீழ். பயணிகள் ஏறும் வாசல் வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் இடது பக்கம் தெரியும் பெரிய கதவு லக்கேஜுக்கு. காக்பிட்டுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவில்தான் முன்பக்க லக்கேஜ் அறை. அதனால் முதல் வரிசைக்குக் கூடுதல் காசு கொடுத்து சீட் வாங்கியவர்தான் உள்ளே அதிக தூரம் நடக்க வேண்டும். பெங்களூர், சென்னையில் பழகியவர்கள் 'ஃபர்ஸ்ட் ரோ, நான்தான் முதல்ல இறங்குவேன்' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், கடைசியில் அவர்கள்தான் கடைசி.

சரி, அப்படியானால் முன் வரிசைக்காரர்களை முதலில் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு, வாசல் பக்கத்து வரிசைகளைக் கடைசியில் விட்டால் வேலை முடிந்தது இல்லையா? கேட்க நியாயமாக இருக்கிறது. பெரிய விமானங்களில் பின் வரிசையை முதலில் கூப்பிடுவதும் இதே யோசனைதான், தூரத்தில் இருப்பவர் முதலில் போகட்டும் என்பது. ஆனால் நடைபாதையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடாது. 1-லிருந்து 5 வரை உள்ள வரிசைக்காரர்கள் இருபது பேர் ஒன்றாக உள்ளே போனால், இருபது பேரும் ஒரே இடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தர் தூக்கி வைத்து, இடித்துப் பார்த்து, திருப்பி வைத்து, ஜிப்பைத் திறந்து இயர்போனை எடுத்து, பிறகு உட்காரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பின்னால் பாதி விமானம் காலியாகக் கிடக்கும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒரு வானியற்பியல் ஆராய்ச்சியாளர், ஜேசன் ஸ்டெஃபன். 2008-இல் கட்டுரை எழுதினார், அப்புறம் போயிங் 757 மாதிரி செட் ஒன்றில் 72 பேரை பெட்டிகளோடு ஏற்றி இறக்கிச் சோதித்தும் பார்த்தார். பகுதி பகுதியாகப் பிரித்துப் பின்னாலிருந்து ஏற்றும் முறைக்கு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்த ஒழுங்கும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் ஏறியதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னலோரக்காரர்களை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக அனுப்பும் அவருடைய சொந்த முறைக்குச் சுமார் மூன்றரை நிமிடம். ரகசியம் இதுதான்: ஒரே நேரத்தில் பல பேர், பல இடத்தில், கை இடிக்காமல் பெட்டி வைக்க முடிந்தால் வேகம் வரும். அவர் முறைப்படி எந்த விமான நிறுவனமும் ஏற்றுவதில்லை, ஏனென்றால் அப்பா ஜன்னலுக்கு, அம்மா தனியாக, குழந்தை இன்னொரு அழைப்புக்கு என்று குடும்பத்தைப் பிரித்து அனுப்ப நம் ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் முடியாது. யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னல், நடு, நடைபாதை என்ற வரிசையைக் கொண்டுவந்தது, அதிலும் சேர்ந்து டிக்கெட் எடுத்தவர்கள் சேர்ந்தே ஏறலாம்.

எனக்கு அந்தச் சோதனையில் பிடித்தது எண்கள் இல்லை. ஏறும் நேரத்தை சீட்டைவிடப் பெட்டிதான் தீர்மானிக்கிறது என்று அது காட்டியதுதான் பிடித்தது. அமெரிக்காவில் 2008-இல் பெரிய நிறுவனங்கள் செக்-இன் பெட்டிக்கு 15 டாலர் வாங்க ஆரம்பித்ததும் எல்லோரும் பெட்டியைக் கையிலேயே கொண்டுவர ஆரம்பித்தார்கள் என்பார்கள், அது புரிகிறது. இங்கே பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோ சும்மாவே போடலாம், கையில் 7 கிலோ. காசு பிரச்சினையே இல்லை. ஆனாலும் கொடுக்க மாட்டார்கள். கேட்டால் இரண்டு பதில்தான்: 'பெல்ட்டுல நிக்க முடியாதுங்க', 'போன தடவை சக்கரத்த ஒடச்சிட்டாங்க'. இரண்டுமே பொய்யில்லை.

பெட்டியிலும் ஊருக்கு ஊர் குணம் உண்டு. வெள்ளிக் கொலுசு வியாபாரிகள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வருவார்கள். பை சின்னதாக இருக்கும், தராசில் வைத்தால் முள் எகிறும். அவர்கள் ரேக்குக்குச் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை, மேலே வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டார்கள், காலுக்கடியில், முன் சீட்டுக்குக் கீழே, இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மே, ஜூனில் மாம்பழம். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மல்கோவா, வைக்கோல். பழப்பெட்டியின் மேல் எதையும் வைக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, பக்கத்திலிருந்து தள்ளவும் கூடாது, ஆக ஒரு பழப்பெட்டி இரண்டு ட்ராலியின் இடத்தைத் தின்றுவிடும். கோடை விழாவுக்கு ஏற்காடு போய்த் திரும்பும் குடும்பங்கள் காபித் தூள், மிளகு, பட்டர் ஃப்ரூட் என்று ஆளுக்கொரு துணிப்பை கூடுதலாகக் கொண்டுவருவார்கள். பைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டால் 'இது பையில்லீங்க, சும்மா கவர்' என்பார்கள்.

கொச்சிக்கு இங்கிருந்து விமானம் ஓடிய சீசனில் சாமிமார்கள் வந்தது தனி அனுபவம். இருமுடியைத் தலைக்கு மேல்தான் வைக்க வேண்டும், காலடியில் வைக்கவே முடியாது, சீட்டுக்குக் கீழே தள்ளுங்கள் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. கேபினில் தேங்காய்க்கு வழக்கமாக அனுமதி கிடையாது. 2024 அக்டோபரில் சபரிமலை போகிறவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரி 20 வரை அந்த விதியைத் தளர்த்தி விமானப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. ஒரு மாலை நேர விமானத்தில் குருசாமி ஒருவர், வயசானவர், உள்ளே போனதும் நின்று ரேக்கை அண்ணாந்து பார்த்தார். ஏற்கெனவே யாரோ வைத்த லேப்டாப் பை, ஹெல்மெட், செருப்புப் பெட்டி. க்ரூ பெண் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்த வரிசையில் இருந்த பையன் எழுந்து செருப்புப் பெட்டியை எடுத்துத் தன் காலுக்கடியில் போட்டுக்கொண்டு, 'வைங்க சாமி' என்றான். வேறு நாளில் அதே ரேக்குக்கு இதே மாதிரி ஆட்கள் கத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் பை எதற்காக மேலே போக வேண்டும் என்று காரணம் தெரிந்தால் ஜனங்கள் இடம் விடுகிறார்கள், தெரியாவிட்டால் அது வெறும் ஒரு கறுப்பு ட்ராலி.

என் வேலையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பகுதி படிக்கட்டுப் பக்கம் நின்று பெட்டியைப் பிடுங்குவது. ஓடு கெட்டியான ட்ராலி இந்த விமானத்தின் ரேக்கில் பல நேரம் நுழையாது, நுழைந்தாலும் மூடி மூடாது. அதனால் ஏறும் இடத்தில் டேக் போட்டு வாங்கி லோடர் தம்பியிடம் கொடுப்போம், அவன் வாலிலிருந்து மூக்குவரை நடந்து முன் கதவில் ஏற்றுவான். கேட்க எளிது. ஆனால் வலது பக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம். விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உள்ளே ஏசியும் கரண்டும் கொடுக்கிற ஏற்பாடு இந்த விமானத்தில் உண்டு. அந்த இரைச்சலில் நான் கத்த வேண்டும்:

'சார், பவர் பேங்க் இருக்குங்களா உள்ள?'

'என்னங்க?'

'பவர் பேங்க்! லேப்டாப், மாத்திரை, நகை எல்லாம் எடுத்துக்குங்க!'

அப்போதுதான் பெட்டி தார்த்தரையில் திறக்கும். மடித்து வைத்த வேட்டி காற்றில் பறக்கும், அடியில் இருக்கும் பவர் பேங்க் கடைசியில் வரும், பின்னால் இருபது பேர் வெயிலில். கேட்காமல் விடவும் முடியாது. பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் பேட்டரி லக்கேஜ் அறையில் தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆளில்லை. மேலே ரேக்கில் வைத்தாலும் நிம்மதி இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்புவதற்கு முன்பே ரேக்கில் தீப்பற்றி எரிந்தது, எல்லோரும் தப்பினார்கள். அதன்பிறகு கொரியாவில் பவர் பேங்கை ரேக்கில் வைக்கவே தடை.

இன்னொன்று, கடைசி நேரத்தில் மேலேயிருந்து கீழே போகும் ஒவ்வொரு பெட்டியையும் எண்ணி, விமானத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று எழுதும் லோட் ஷீட்டில் திருத்த வேண்டும். சின்ன விமானம், எடை முன்னே பின்னே போனால் கேப்டனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆட்கள் ஏறும்போது வால் தாழ்ந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு முட்டுக் கம்பியே வைப்பார்கள். 'முன்னால ரெண்டு வரிசை காலியாத்தானே இருக்கு, அங்க மேலயும் இடம் இருக்கு, நான் அங்க போய்க்கறேன்' என்று கேட்பவரிடம் க்ரூ முடியாது என்று சொல்வது திமிரினால் இல்லை.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நாங்களே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மேலிடத்து உத்தரவு கிடையாது. கவுண்டரிலேயே, இன்னும் அவசரம் பிடிக்காத நேரத்தில், ட்ராலியைப் பார்த்ததும் கேட்டுவிடுவது: 'அண்ணா, இது மேல நுழையாதுங்க, இப்பவே போட்டுடலாங்களா? பவர் பேங்க எடுத்துக்குங்க, உடையற சாமான் ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன்.' படிக்கட்டில் சண்டை போடும் அதே ஆள் கவுண்டரில் பெரும்பாலும் 'சரி போடுங்க' என்கிறார். அங்கே பெட்டியைத் திறக்க மேஜை இருக்கிறது, பின்னால் யாரும் முறைப்பதில்லை, மறுத்தாலும் மானம் போகாது. என்னைக் கேட்டால் பயணிகளைக் குழுக்களாகப் பிரித்து சோன் 1, சோன் 2 என்று கூப்பிடுவதைவிட இதுதான் போர்டிங்கை வேகப்படுத்தியது. சோன் என்பது பாதி நேரம் விற்பனைக்கு வைத்த சரக்கு, முன்னதாக ஏறக் காசு கொடுப்பவர் உண்மையில் வாங்குவது காலியான ரேக்கைத்தான், அதை அப்படிச் சொல்லி விற்பதில்லை, அவ்வளவுதான்.

மசிய மாட்டேன் என்று நிற்பவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள், ஹைதராபாத்திலோ சென்னையிலோ இறங்கி வேறு கம்பெனி விமானம் பிடிக்க வேண்டியவர்கள், தனித்தனி டிக்கெட். பெட்டியைக் கீழே போட்டால் அங்கே பெல்ட்டில் நின்று எடுத்து, வெளியே போய், மறுபடி செக்-இன், மறுபடி செக்யூரிட்டி. அவர்களிடம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது, எடுபடவும் கூடாது. அவர்களை மட்டும் பஸ் இல்லாத இந்தச் சின்ன நிலையத்தில் முதல் ஆளாக நடக்கவிட்டுவிடுகிறேன். சோன் வாங்கியவர் யாராவது கேட்டால், கனெக்ஷன் இருக்குங்க என்கிறேன். இதுவரை பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை.