நாலு சுற்றிலும் தேறினேன், முப்பது மார்க்கில் நின்றேன்

சிங்கப்பூரில் வேலை போனதும் பழைய கம்பெனி என் இபியை (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) ரத்து செய்தது. கையில் மிச்சம் இருந்தது 30 நாள் விசிட் பாஸ். கேலண்டரில் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட ஆரம்பித்தேன்.

சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது. முதல் சுற்று போனில். அடுத்தது வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் கோடிங் வேலை. நாலு மணி நேரம் என்றார்கள், என் சனிக்கிழமை முழுவதையும் தின்றது. மூன்றாவதற்கு நேரில் போனேன். ஒயிட்போர்டு முன்னால் நிறுத்தி, "ஒருவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, மற்றவர் கணக்கில் ஏறவில்லை, நடுவில் சர்வர் விழுந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பத்து வருஷமாக நான் செய்யும் வேலையே அதுதான். எழுதி முடித்தபோது சட்டைக் கையெல்லாம் நீல மை.

என்னைக் கேட்டவர் மதுரைக்காரர். உள்ளே ஆங்கிலத்தைத் தவிர வேறு பேசவில்லை, லிஃப்ட் வரை வந்து விட்டபோதுதான், "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். தஞ்சாவூர் என்றேன். வழியில் பேன்ட்ரியில் நாலைந்து பேர் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாசம். நம்ம இடம்தான் இது, கிடைத்த மாதிரிதான் என்று எக்ஸ்போ ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்தச் சாம்பார் வாசம்தான் எனக்கு எமன் என்று அப்போது தெரியாது.

நாலாவது சுற்று பெரிய மேனேஜரோடு வெறும் அரட்டை. பிறகு எட்டு நாள் சத்தமே இல்லை.

பத்தொன்பதாம் நாள் எச்ஆர் அம்மா கூப்பிட்டார். "எல்லாருக்கும் உங்களைப் பிடித்திருக்கிறது, ஆனால் காம்பஸில் 30தான் வருகிறது." காம்பஸ் என்பது இபிக்கான மார்க் முறை; 2023 செப்டம்பரிலிருந்து புதிதாக இபி கேட்டால் அதில் 40 மார்க் வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பழைய மின்கட்டண பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்: சம்பளம் 10, பட்டம் 10, உள்ளூர்க்காரர் விகிதம் 10. நாலாவது, பல நாட்டவர் கலப்பு: பூஜ்யம். அந்தக் கம்பெனியின் அதிகாரி நிலை ஊழியர்களில் கால்வாசிக்கு மேல் இந்திய நாட்டவர். சம்பளத்தில் 20 வாங்கினால் தப்பலாம். அதற்கு இந்தத் துறையில் மேல்தட்டுச் சம்பளம் தர வேண்டும், பட்ஜெட் இல்லை என்றார். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. "நன்றி மேடம்" என்று வைத்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை.

அன்றிரவே தேடும் விதத்தை மாற்றினேன். அதிகாரி நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக இருக்கும் கம்பெனிக்கு, நாட்டவர் கலப்புக்கும் உள்ளூர் விகிதத்துக்கும் தலா 10 தானாகவே கிடைக்கும். பட்டம் 10, சம்பளம் 10 சேர்ந்தால் சரியாக 40. சம்பளம்தான் இடிக்கும். மார்க் கணக்குக்கு முன்னால், இபி கேட்கவே ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும்: 2025இல் நிதித் துறை தவிர மற்றவற்றில் 23 வயதுக்காரருக்கு 5,600 வெள்ளி. வயசு ஏற ஏற ஏறி, 45க்கு 10,700. எனக்கு 38.

ஜாலான் புசாரில் ஒரு சின்ன கம்பெனி. கீழே டயர் கடை, மேலே ஆபீஸ். ஒரே சுற்று, ஒன்றரை மணி நேரம், முதலாளியே தே ஓ (பால் சேர்க்காத டீ) வாங்கிவந்து கொடுத்தார். இந்தத் தடவை வெட்கப்படாமல் முதல் பத்து நிமிஷத்திலேயே விசா தேதியையும் மார்க் கணக்கையும் சொல்லிவிட்டேன். அவர் மடிக்கணினியைத் திறந்து தன் ஆட்களை எண்ணினார். இருபத்திரண்டு. இபி கேட்குமுன் போட்டாக வேண்டிய வேலை விளம்பரம் ஏற்கெனவே 14 நாள் ஓடி முடிந்திருந்தது. பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பை என் செலவிலேயே முன்பே முடித்து வைத்திருந்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் புத்தியாகச் செய்த ஒரே காரியம்.

இருபத்தெட்டாம் நாள் திருச்சிக்கு விமானம் ஏறினேன். இபிக்கான முன் ஒப்புதல் கடிதம் (ஐபிஏ) வந்தபோது தஞ்சாவூரில் அம்மாவோடு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

இபி புதுப்பிக்கும்போதும் இதே காம்பஸ்தான். அங்கே நான் இருபத்து மூன்றாவது ஆள். போன வாரம் இன்னொருவரை எடுத்திருக்கிறார்கள்.