மாடிப்படிக்குக் கீழே நின்ற புல்லட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருவுக்குள் புகுந்த வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்தது. கருப்பாக வந்து, கருப்பாகவே வடிந்தது. வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் தொடையளவு உயரத்தில் ஒரு கறை நின்றது. மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடியிருந்த அப்பாவின் புல்லட்டிலும் அதே உயரத்தில் அதே கறை. சக்கரம், சைலன்சர், கார்புரேட்டர், என்ஜின் எல்லாம் கறைக்குக் கீழே. பெட்ரோல் டேங்க் மட்டும் தப்பியிருந்தது.

1992-ல் அப்பா புதிதாக எடுத்த வண்டி. 2011-ல் அவருக்கு முழங்கால் முடியாமல் போனதும் ஓரமாக நிறுத்தினார். 2014-ல் அவரும் போய்விட்டார். அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வெள்ளம் வடிந்த வாரம் காயலான் கடைக்காரர் வந்து எடைக்குக் கேட்டார். “வீடு பூரா ஆயில் நாத்தம், குடுத்துடேன்டா” என்றார் அம்மா. எனக்கு ஆறு மாதம் டைம் கொடுங்கள் என்று கேட்டேன். கடைசியில் பதினோரு மாதம் ஆனது.

எனக்கு அப்போது சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு மாமா இருந்தார். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955-ல் தொடங்கிய ஆலை அது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது. மாமா வந்து சாக்கை விலக்கியதும் என்ஜின் பக்கம்கூடப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் டேங்க்கைத் துடைத்தார். தூசிக்குள்ளிருந்து தங்க நிறக் கோடு வெளியே வந்தது. “இது கையால போட்டது தம்பி. ஸ்டிக்கர் இல்ல. பெயின்ட் கடையில குடுத்து இதை அழிச்சிடாத, அவ்ளோதான் சொல்வேன்” என்றார்.

வண்டியைப் புதுசாக்க வேண்டாம், ரோட்டில் பத்திரமாக ஓடினால் போதும் என்று அன்றே முடிவு செய்தேன். பழைய வண்டியை எடுத்துச் செய்பவர்கள் பலர் முதலில் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, பிரேக் ஷூ வாங்கும்போது கணக்குப் பார்க்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாமா வருவதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். கிக்கர் அசையவில்லை என்றதும் இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன். உள்ளே ஏதோ உடைந்த சத்தம். கிக்கர் ஸ்பிரிங் போய்விட்டது. பல வருடம் நின்ற வண்டியைக் கிக்கரால் எழுப்பவே கூடாது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். பத்து நாள் ஆட்டியும் எங்கள் பிஸ்டன் நகரவில்லை.

அதற்குள் கீழே இருந்த ஆயிலை இறக்கினோம். வடிகால் போல்ட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர், பிறகு பால் கலந்த காபி நிறத்தில் ஒரு கஞ்சி. வெள்ளத்தில் முழுகிய எந்த வண்டியாக இருந்தாலும் இதை முதல் வாரமே செய்துவிடுங்கள். பேரிங்குகள் மேல் பழைய ஆயில் படலம் இருக்கும் வரைதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. நான் ஜனவரியிலேயே இறக்கிவிட்டதால், என்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் தப்பியது. டீசல் விட்டு இரண்டு முறை அலசினோம்.

பிப்ரவரியில் என்ஜினின் மேல் மூடியான ஹெட்டையும், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான பிளாக்கையும் கழற்றினோம். பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருந்தது வெள்ளமல்ல, கடல் காற்று. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக உப்புக் காற்று சைலன்சர் வழியாக உள்ளே போயிருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கின் சுவரில் குண்டுமணி அகலத்துக்குத் துருக் குழிகள். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மாமா பிடித்து நேர் மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது, மேலும் கீழும் துளி ஆட்டம் இல்லை. “கீழ் என்ஜின பிரிக்காத. நல்லா இருக்கறத பிரிச்சா கெட்டுப் போவும்” என்றார். பெரிய செலவு ஒன்று அந்த நிமிடத்தில் குறைந்தது.

பிளாக்கைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கும் புதுப்பேட்டைக்கும் போனேன். இந்த என்ஜின் 346 சி.சி.; போர், அதாவது பிளாக்கின் உள்விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. எங்கள் பிளாக்கில் குழி போக, கடைக்காரர்கள் ‘இருபது சைஸ்’ என்று சொல்லும் அளவுக்கு, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருபது பங்கு அகலத்துக்கு, போரிங் போட வேண்டியிருந்தது. முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்தே லேத்தில் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்துதான் அவர்கள் பிளாக்கைக் குடைவார்கள். நான் போன முதல் பட்டறையில் பிஸ்டனைப் பார்க்காமலேயே “விட்டுட்டு போ” என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வால்வும் அது உட்காரும் சீட்டும் இடைவெளியில்லாமல் பொருந்தத் தேய்க்கும் லேப்பிங்கை வீட்டிலேயே செய்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. முதலில் கரடு பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட். குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். வால்விலும் சீட்டிலும் ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் விழுந்தால் சரி. பிறகு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழிவில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் இறங்கியிருக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டேங்க்கின் உள்ளே முழுக்கத் துரு. வெளியே அந்தத் தங்கக் கோடு. அதனால் ஆசிட் கடைப் பக்கமே போகவில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து நிரப்பி, ஒரு நாள் ஊறவைத்து, சின்ன நட்டுகள் போட்டுக் குலுக்கிக் கொட்டினேன். மூன்று முறை செய்ததும் உள்ளே இரும்பு தெரிந்தது. கடைசியில் ஆப்ப சோடாத் தண்ணீரில் கழுவ வேண்டும். புளிப்பு மிச்சமிருந்தால் மறுநாளே மறுபடி துரு பூக்கும். உடனே வெயிலில் காயவைத்து, பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து சுற்றிலும் பூசினேன். இதெல்லாம் செய்யும்போது வாயிலிருந்து சொட்டு வழிந்து பெயின்ட்டில் படாமலிருக்க, டேங்க் முழுவதும் பாலிதீன் சுற்றி ஒட்டியிருந்தேன்.

பிரேக், டயர் வேலைகளை என்ஜினைக் கூட்டுவதற்கு முன்பே முடித்தேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகப் போகிற வண்டி; கிளம்பாவிட்டால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம், நிற்காவிட்டால் என்ன செய்வது? டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நகத்தால் அழுத்தினால் பலகை. முன்னும் பின்னும் 3.25-19 புதிது, டியூப் புதிது, நான்கு பிரேக் ஷூ, எல்லாக் கேபிளும் புதிது. பழைய டிரம்மைத் திறக்கும்போது அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கட்டிப் போட வேண்டும். ரிம்மில் குரோம் உரிந்திருந்தது. ஸ்போக்ஸை மட்டும் மாற்றி, கோணல் எடுத்து, அப்படியே மாட்டினேன்.

வயரிங்கில் பாதியை எலி தின்றிருந்தது. மீதியில் எர்த் இணைப்புகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதில்தான் பாதிக் கோளாறு தீர்ந்தது.

என்ஜினைக் கூட்டியபோது டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, ஹெட் மாட்டும் முன்பே வைத்தோம். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது, பொறியை உண்டாக்கும் சுவிட்சான பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து லேசாக இழுத்துப் பிடிப்பார்கள். தாள் நழுவும் கணம்தான் திறக்கும் கணம். பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. டேப்பட் இடைவெளியைப் பார்க்க ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வேண்டாம்; என்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வைத் தள்ளும் புஷ் ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயார். நான் சாவியைப் போட்டதும் மாமா கையைப் பிடித்துவிட்டார். “ஆயில் மேல வருதான்னு பாக்காம ஸ்டார்ட் பண்ணாத.” ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, பிளக் இல்லாமல் கிக்கரை அழுத்திக்கொண்டே இருந்தேன். நாற்பது, ஐம்பது தடவை இருக்கும். ஒன்றும் வரவில்லை. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு குமிழி, அதன் பின்னால் சுத்தமான ஆயில். அதற்குப் பிறகுதான் பிளக் போட விட்டார்.

அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல இறக்கி, என்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுவிட்டு மேலே கொண்டுவந்து முழு மிதி. சின்ன வயதில் தினம் காலையில் அப்பா செய்து பார்த்தது. என் கால் அதைத் தெரிந்துவைத்திருந்தது. ஏழாவது மிதியில் பிடித்தது. சைலன்சரில் மிச்சமிருந்த வெள்ளத்து எண்ணெய் வெண்புகையாகத் தெருவை மூடியது. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி ஆஃப் ஆகும் வரை உள்ளே போகவும் இல்லை.

காகித வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். சொந்த வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2007-ல் புதுப்பித்தது 2012-ல் முடிந்திருந்தது. உரிமையாளர் இறந்திருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, புதுப்பிக்கப் படிவம் 25. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் கொடுத்த சம்மதக் கடிதம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. 2024-ல் புதுப்பிக்க 1000 ரூபாய் இருந்தது, அதன் மேல் தாமதக் கட்டணமும் பசுமை வரியும். புரோக்கர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெரிய தொகை கேட்டார். நானே நான்கு முறை அலைந்து முடித்தேன்.

சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளோ கிரைண்டரோ வைக்கவே வைக்காதீர்கள். எண் மழுங்கினால் வேறு விதமான கேள்விகள் வரும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தேன், எண் முழுசாக எழுந்தது. பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் குட்டி யானையில் ஏற்றித்தான் ஆய்வுக்குக் கொண்டுபோனேன். ஆய்வாளர் ஹாரன், லைட், இண்டிகேட்டர் பார்த்தார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிரேக் பிடிக்கச் சொன்னார். நின்றது. நவம்பரில் என் பெயரில் புத்தகம் வந்தது.

மொத்தச் செலவு காகிதத்தோடு சேர்த்து முப்பத்தோராயிரம். கூலி கொடுத்தது போரிங்குக்கும் ரிம் கோணல் எடுத்ததற்கும் மட்டும். மாமாவுக்குப் பணம் கொடுக்கப் போய் அவர் முகம் மாறியதைப் பார்த்து, அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் 500 கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். காசிமேடு வரை போய்த் திரும்புவது, பெரும்பாலும் விடியற்காலையில், லாரி நெருக்கம் தொடங்கும் முன். 500 முடிந்த அன்று ஆயிலை இறக்கி வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தோம். மினுமினுப்பாகக் கொஞ்சம் இரும்புப் பொடி, புது ரிங்கு தேய்ந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. மாமா தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கிளட்ச் மூடியிலிருந்து ராத்திரிக்கு இரண்டு சொட்டு ஒழுகுகிறது, அடுத்த வாரம் கேஸ்கெட் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.