எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து ஏழாம் வகுப்புத் தசம எண்ணுக்கு வந்த கதை

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு பி.எட். சேர்ந்தேன். "ஆராய்ச்சிக்குப் போகலையா?" என்று கேட்டவர்கள் பாதிப்பேர், "பி.எட். தானே, ஈசியா முடிச்சிடலாம்" என்றவர்கள் மீதிப்பேர். முன்பெல்லாம் அது ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு இரண்டாண்டாகிவிட்டது. அதில் 20 வாரம் பள்ளியில் இருந்தாக வேண்டும்: முதலாண்டு 4, இரண்டாமாண்டு 16. அந்தப் படிப்பில் உருப்படியான பகுதி அதுதான் என்பேன். ரெக்கார்டு நோட்டுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் புலம்புவார்கள்.

பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. வினா கேட்பது, பாடத்தைத் தொடங்குவது என ஏதாவது ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு 6 நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கூடப் படிப்பவர்கள்தான் மாணவர்கள். பிறகு 6 நிமிடம் அவர்கள் குறை நிறை சொல்வார்கள், 12 நிமிடத்தில் பாடத்தை மாற்றி எழுதி, மறுபடி 6 நிமிடம் நடத்தி, மறுபடி 6 நிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்த ஆட்கள் தெரியாத மாதிரி நடிப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு தோழி கைப்பேசியில் நேரம் குறித்துப் பார்த்ததில் ஒன்று வெளிப்பட்டது. கேள்வி கேட்டு இரண்டு வினாடிகூட ஆகாது, நாங்களே விடையைச் சொல்லிவிடுகிறோம். அநேகமாக வகுப்பில் எல்லோருக்கும் அந்த வியாதி இருந்தது. அமைதியைத் தாங்கிக்கொள்ளப் பழகுவதே தனிப் பயிற்சி.

பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில் என் வழிகாட்டி ஆசிரியர் அதிகம் பேசாதவர். நான் வண்ணச் சார்ட்டெல்லாம் தயார் செய்துகொண்டு போய் நின்றேன். "அதெல்லாம் ஓரமா வைங்க சார், முதல்ல பசங்க நோட்டைத் திருத்துங்க" என்றார். ஏழாம் வகுப்பு, தசம எண்கள். 0.5, 0.25 இரண்டில் எது பெரியது என்ற கணக்குக்கு ஒரு மாணவி 0.25 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். எட்டிப் பார்த்தவர், "சரி, தப்புதான். ஏன் அப்படி எழுதினான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். "25 தானே சார் பெருசு?" என்றாள். யோசித்தால் அவள் கணக்கில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஐந்து வருடமாக முழு எண்களில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? கட்டத்தாளில் நூறு கட்டம் வரைந்து, பாதியை ஒரு நிறத்திலும் இருபத்தைந்தை இன்னொரு நிறத்திலும் தீட்டச் சொன்னேன். தீட்டி முடித்ததும் 0.5 தான் 0.50 என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அத்தோடு விட்டாளா? "அப்போ 5ம் 50ம் மட்டும் ஏன் சார் ஒண்ணு இல்ல?" என்றாள்.

மெய்யெண்களை டெடிகிண்ட் வெட்டுகள் என்ற உயர்கணிதக் கருத்தைக் கொண்டு கட்டமைக்கும் முறையை ஒரு பருவம் முழுக்கப் படித்தவன் நான். இந்தக் கேள்விக்கு ஏழாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல இரவு முழுக்க யோசிக்க வேண்டியிருந்தது. முழு எண்ணில் பின்னால் பூஜ்ஜியம் சேர்த்தால் மற்ற இலக்கங்கள் இடம் மாறுகின்றன, தசமப் புள்ளிக்குப் பின்னால் சேர்த்தால் மாறுவதில்லை. இவ்வளவுதான் விடை. மறுநாள் இடமதிப்பு அட்டவணை போட்டு அதைச் சொன்னேன்.

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை எடுக்க இரண்டாம் தாள். 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. கணித ஆசிரியராகப் போகிறவரும் அறிவியல் எழுதியாக வேண்டும், ஆகவே மகரந்தச் சேர்க்கையைப் பள்ளிக்குப் பிறகு முதல்முறையாகப் படித்தேன். சமச்சீர்ப் புத்தகங்களை வரி விடாமல் படித்தால் போதும். பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் ஆகிய உளவியலாளர்கள் கேள்வித்தாளில் கட்டாயம் வருவார்கள். முன்பு சான்றிதழ் 7 ஆண்டுதான் செல்லும், 2021இல் அதை வாழ்நாள் முழுக்க என்று மாற்றினார்கள். ஆனால் டெட் தேர்ச்சி பெற்றாலே வேலை என்று நினைக்க வேண்டாம். பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு, அதில் தமிழ்த் தகுதித் தாளில் 50க்கு 20 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதற்குப் படித்துக்கொண்டே இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன்.

நீங்களும் அரசுப் பள்ளி வேலைக்குத் தயாராகிறவர் என்றால் சான்றிதழ் வாங்கும் காகித வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் 1ஆம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததற்கு ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். உங்கள் பட்டத்தின் பெயர் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால், அது கணிதப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசம எண் பாடம் இப்போதும் என்னிடம்தான். 0.5, 0.25 கணக்கோடு 0.3, 0.45 என்ற இன்னொரு ஜோடியையும் சேர்த்துக் கேட்கிறேன். முதல் ஜோடியை மட்டும் கேட்டால் சிலர் சரியாக எழுதிவிடுவார்கள், காரணம் தப்பாக இருக்கும்: நீளமான தசமம் என்றாலே சின்னது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார்கள். 25 பெரிது என்கிற கட்சி முதலாவதில் மாட்டும். இரண்டும் சரியாக வந்தாலும் ஒருவரையாவது பலகைக்குக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவேன்.