காயின் செல்லில் ஓடும் கதவு அலாரம்: மின்சாரம் எங்கே கசிகிறது?

ஒரு ஏடிடைனி85 (சிறிய மைக்ரோகண்ட்ரோலர் சிப்), ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் ஒட்டும் சுவிட்ச்), ஒரு பீசோ தகடு (பீப் ஒலி எழுப்புவது), ஒரு சிஆர்2032 காயின் செல். கதவு திறந்தால் பீப். எளிய சர்க்யூட்தான். பேட்டரி மட்டும் இரண்டு மாதம் தாங்காமல் போய்விடும். பழி பீப் சத்தத்தின் மேல் விழும். உண்மையில் சிப் தூங்கும்போதுதான் பேட்டரி காலியாகிறது.

சிஆர்2032-இல் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. பவர்-டவுன் என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் முன் ஏடிசியை (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் சிப்பின் பகுதி) அணைக்க மறந்தால், அது மட்டுமே 200 மைக்ரோஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒன்றரை மாதத்தில் கதை முடிந்தது. அணைப்பதிலும் வரிசை முக்கியம்: முதலில் ஏடிசி எனேபிள் பிட்டைப் பூஜ்யமாக்குங்கள், பிறகுதான் அதன் கிளாக்கை (இயக்கத் துடிப்பை) நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் ஏடிசி அணையாமல் அப்படியே உறைந்து மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ரீட் சுவிட்ச். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருப்பதால் சுவிட்ச் ஒட்டியே இருக்கும், அதாவது நாளின் பெரும்பகுதி. சிப்பின் உள் புல்-அப் (பின்னைப் பிளஸ் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோஓம்தான்; 3 வோல்ட்டில் 60 முதல் 150 மைக்ரோஆம்பியர் வரை இடைவிடாமல் போகும். உள் புல்-அப்பை விட்டுவிட்டு வெளியே 1 மெகாஓம் போடுங்கள். கசிவு 3 மைக்ரோஆம்பியராகக் குறையும்.

சிப்பைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்குப் பின்-சேஞ்ச் இண்டரப்ட்தான் (சிப்பின் பின்னில் நிலை மாறினால் வரும் அழைப்பு) சரி. இன்ட்0 என்ற இன்னொரு இண்டரப்டில் எட்ஜ் (நிலை மாறும் கணம்) வைத்தால் பவர்-டவுனிலிருந்து சிப் எழாது; இன்ட்0-இல் லோ-லெவலுக்கு (பின் பூஜ்ய வோல்ட்டில் இருப்பது) மட்டுமே எழும்.

சிப் வாங்கும்போது 'வி' எழுத்து உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அது 1.8 வோல்ட் வரை ஓடும். சாதாரண வகைக்கு 2.7 வேண்டும். கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ் போதும். பிரவுன்-அவுட்டை (வோல்ட்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல்) சிப்பின் ஃபியூஸ் என்ற அமைப்பு பிட்களில் அணைத்துவிடலாம். ரெகுலேட்டரும் பவர் எல்இடியும் உள்ள ரெடிமேட் போர்டு இந்த வேலைக்கு ஆகாது, வெறும் சிப்பையே பயன்படுத்துங்கள். ஆக்டிவ் பஸ்ஸரும் (மின்சாரம் கொடுத்தாலே தானாக ஒலிப்பது) வேண்டாம், அது அதிக மின்சாரம் இழுக்கும்: காயின் செல்லின் உள்தடையால் வோல்ட்டேஜ் சரிந்து சிப் ரீசெட் ஆகும், பீப் பாதியில் அறுந்துபோகும். பீசோ தகட்டுக்கு இரண்டு மூன்று மில்லிஆம்பியரே போதும்.

அளந்து பார்க்க, பேட்டரியின் பிளஸில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட் பாருங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்பியர். கதவு மூடிய நிலையில் 3, 4 காட்டினால் நல்லது. 80 காட்டினால் உள் புல்-அப் இன்னும் போட்டபடியே இருக்கிறது.