அழைப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்

சுற்றுலாக் கொள்கை ஆவணங்களை வரி விடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்த நாட்டு ஆவணமானாலும், இத்தனை ஆண்டுகளுக்குள் இத்தனை பயணிகளை வரவழைப்போம் என்ற இலக்கு முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும். அந்த எண்ணைக் கண்டதும் நான் தேடுவது வேறொன்றை: அத்தனை பேருக்கும் குடிநீர் எங்கிருந்து வரும், அவர்களுடைய கழிவுநீர் எங்கே போகும், அதற்குப் பொறுப்பான துறை இந்த இலக்குக்கு ஒப்புதல் அளித்திருக்கிறதா? பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. விளம்பரம் செய்யும் அதிகாரம் சுற்றுலாத் துறையிடம் இருக்கிறது. ஆனால் கட்டட அனுமதி உள்ளாட்சியிடமும், கடற்கரை சுற்றுச்சூழல் துறையிடமும், விமானங்களின் எண்ணிக்கை இன்னோர் அமைச்சகத்திடமும் இருக்கின்றன. விருந்துக்கு அழைப்பவர் ஒருவர், சமைத்துப் போட்டுப் பாத்திரம் கழுவுபவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டில்தான் கோளாறு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

பிலிப்பைன்ஸின் போராகாய் இதற்குக் கண்கூடான சான்று. சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட இத்தீவை, அதன் கடல் சாக்கடைக் குழியாகிவிட்டது என்று அதிபர் துதெர்தே வெளிப்படையாகச் சொன்ன பிறகு, 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்கு அரசு மூடியது. அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. கரையை ஒட்டிக் கட்டடம் எழுப்பக் கூடாது, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றக் கூடாது என்ற விதிகளெல்லாம் முன்பே இருந்தவைதான். இருந்தும், மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகக் கழிவுநீர்க் குழாயை இணைத்துவிட, பயணிகள் குளிக்க இறங்கும் கடலில் அது கலந்துகொண்டிருந்தது. வந்தவர்களை எண்ணுவதற்கு ஆள் இருந்தது. வடிகாலைத் திறந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. தீவு மூடப்பட்டபோது அறைகளைக் கூட்டிப் பெருக்கியவர்களும் படகோட்டிகளும் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். அதன் பிறகே தாங்குதிறன் கணக்கிடப்பட்டு, ஒரே சமயத்தில் 19,215 பயணிகள், ஒரு நாளைக்கு 6,405 புதிய வருகைகள் என வரம்பு வகுக்கப்பட்டது. முதல் விடுதிக்கு உரிமம் கொடுக்கும்போதே போட்டிருக்க வேண்டிய இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு தீவையே மூட வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவும் அதே 2018 ஜூனில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல், அது அமைந்திருக்கும் தீவின் பின்புறத்தில் நின்றுவிட வேண்டும், பயணிகள் அங்கிருந்து நடந்து வர வேண்டும் என்று விதித்தார்கள். பவளத்தின் மீது நங்கூரம் விழுவது நின்றது. விரிகுடா மூடியிருந்த காலத்திலேயே கரையோரத்தில் கருமுனைச் சுறாக்கள் மறுபடியும் நீந்தத் தொடங்கியிருந்தன. படகு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரே உண்மையான சுற்றுலாக் கொள்கையை எழுதுகிறார்.

வரம்புக்குப் பதிலாகக் கட்டணம் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், தேர்ந்தெடுத்த 29 நாள்களில், இரவு தங்காமல் வந்து போகும் பயணிகளிடம் 5 யூரோ வசூலித்தது. ஆனால் எத்தனை பேர் நுழையலாம் என்பதற்கு உச்சவரம்பு வைக்கவில்லை. அதே நகரின் ஜுதெக்கா கால்வாயில் பெருங்கப்பல்கள் வரக் கூடாது என்று குடியிருப்போர் பல ஆண்டுகள் போராடியும், 2021 ஆகஸ்ட் 1 அன்று தடை நடைமுறைக்கு வந்தது ரோமிலிருந்த அரசின் ஆணையால்தான். அலைகள் மோதுவது வெனிஸின் சுவர்களில். முடிவெடுக்கும் பேனா இருந்ததோ தலைநகரில்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் உள்ள ஏற்பாடு. அங்கே 2016 ஜூலை முதல் பயணிகளிடம் வசூலிக்கப்படும் வரி எந்தத் திட்டங்களுக்குப் போக வேண்டும் என்பதைப் பரிசீலிக்கும் குழுவில், வட்டார அரசுடன் தீவுகளின் மன்றங்களும் நகராட்சிகளும் சமூக, சுற்றுச்சூழல் அமைப்புகளும் இடம்பெறுகின்றன. அந்த வரியால் கூட்டம் குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்கும் குப்பைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களுக்குப் பணம் பற்றிய பேச்சில் ஓர் இருக்கை கிடைத்திருக்கிறது. அடுத்த முறை ஒரு கொள்கை ஆவணம் கைக்கு வரும்போது, வருகை இலக்கு இருக்கும் பக்கத்தைத் தாண்டி, இப்படியொரு குழுவின் உறுப்பினர் பட்டியலைத்தான் முதலில் தேடுவேன்.