மாலையில் படிப்பு ஏறவில்லை என்பவர்களுக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, ஆபீஸ் முடிஞ்சு வந்தா மூளையே ஓட மாட்டேங்குது. நீங்க எப்படிப் படிச்சீங்க?" நானும் ஒரு தனியார் நிறுவனத்தில் பகல் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு, இரவில் சமச்சீர் புத்தகங்களோடு உட்கார்ந்து படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் இந்தக் களைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

களைப்பில் இரண்டு வகை உண்டு. வீட்டுக்கு வந்ததும் "இன்றைக்கு இவ்வளவுதான், இனி முடியாது" என்று தோன்றுவது ஒன்று. உண்மையிலேயே மூளை ஓய்ந்துபோவது இன்னொன்று. உள்ளுக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவதைத் தாண்டிப் படிக்கலாம், இரண்டாவது வந்தால் தூங்கத்தான் வேண்டும்.

உளவியலில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 1998-இல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பசியோடு வந்த மாணவர்கள் முன்னால் அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். அப்படி ஆசையை அடக்கியவர்கள், அடுத்துக் கொடுத்த தீர்க்கவே முடியாத புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். மன உறுதி செலவழித்தால் தீர்ந்துவிடும் என்ற கருத்து இதிலிருந்துதான் பரவியது. ஆனால் 2016-இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்து இதே கருத்தை வேறொரு பயிற்சியால் சோதித்தபோது, அந்த விளைவு கிட்டத்தட்டத் தென்படவே இல்லை.

எனக்கு அதிகம் உதவியது 2010-இல் வெரோனிகா யோப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் கண்டது. மன உறுதி தீர்ந்துபோகும் என்று நம்புகிறவர்கள்தான் ஒரு கடினமான வேலைக்குப் பிறகு தடுமாறினார்கள். அப்படி நம்பாதவர்கள் தடுமாறவில்லை. தேர்வு நெருங்கும் நாட்களில் கல்லூரி மாணவர்களைக் கவனித்தபோதும், தீர்ந்துபோகும் என்று நம்பியவர்களே படிப்பை அதிகம் தள்ளிப்போட்டார்கள், நொறுக்குத்தீனியும் அதிகம் தின்றார்கள். 2017-இல் கிருஷ்ணா சவானியும் யோபும் இந்தியர்களிடம் ஆராய்ந்தபோது இன்னும் ஒருபடி மேலே போனது. கடினமான வேலை மனதுக்குத் தெம்பு தரும் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அவர்கள் சோதித்த இந்தியர்கள் கடினமான வேலையை முடித்த கையோடு அடுத்ததை நன்றாகவே செய்தார்கள். மார்கழிக் குளிரில் எழுந்து கோலம் போட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. கேத்லீன் வோஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், லேசான களைப்பில் கைகொடுத்த அந்த நம்பிக்கை, வேலைகளை அடுத்தடுத்து அடுக்கியபோது கைகொடுக்கவில்லை. 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை செய்தவர்களின் மூளையின் முன்பகுதியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஆக, "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, காலையில் சமைத்து, பகலில் வேலை பார்த்து, மாலையில் மறுபடியும் சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன். உங்கள் களைப்பு நம்பிக்கைக் குறைவு கிடையாது. வீட்டில் ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் உங்களுக்கு முதல் மருந்து. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்தக் களைப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் செய்தது இதுதான். வந்து, முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டுவிட்டு, திறனறிவுக் கணக்கில் தொடங்குவேன். தனிவட்டி, மீ.பொ.வ., வேலையும் நேரமும் என்று கை ஓடும் கணக்குகள். வரலாற்றுப் புத்தகத்தில் தொடங்கினால் கண் மட்டும் நகரும், உள்ளே எதுவும் இறங்காது. பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விடை சரியாக வந்து, அடுத்த கணக்கைப் பார்க்கத் தோன்றினால் அது முதல் வகைக் களைப்பு, பாதி தூரம் அதுவாகவே விலகியிருக்கும். அப்புறம் தமிழ், பொது அறிவு என்று போகலாம். கூட்டல் கழித்தலே பிசகினால், கேள்வியை மூன்றாவது முறை படித்தும் என்ன கேட்கிறான் என்று புரியாவிட்டால், புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிடுங்கள். அலாரத்தைக் காலைக்கு மாற்றி வையுங்கள். அந்த நிலையில் உட்கார்ந்து படிப்பது மறுநாளையும் சேர்த்துக் கெடுக்கும்.

இடைவேளையில் போனை எடுக்காதீர்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டு வருபவர் ஓய்வெடுத்துவிட்டு வருவதில்லை. மொட்டை மாடியில் நாலு நடை நடந்தாலே போதும்.

தேர்வு நாளின் களைப்புக்கும் பழக வேண்டும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. பலர் மாக் டெஸ்டைத் துண்டு துண்டாக எழுதிப் பழகுகிறார்கள், அதனால் கடைசி ஐம்பது கேள்விகளில் வரும் சோர்வை ஹாலில்தான் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரை வரை எழுந்திருக்காமல், ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தையும் நிரப்பி எழுதிப் பாருங்கள். திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணோடு, கடைசி ஐம்பதில் எத்தனை தவறு, அதில் எத்தனை உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி என்று தனியாகக் குறியுங்கள். தெரிந்தும் விட்டவை அதிகமாக இருந்தால், அந்த வாரம் புதுப் பாடம் வேண்டாம். முழுத் தேர்வுகளை எழுதுங்கள், இரவு ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குங்கள்.