பின்கால் நான்கு சென்டிமீட்டர்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கு நாங்கள் செய்த நாற்காலிகளின் பின்கால்களை நான்கு சென்டிமீட்டர் அறுத்துக் கொடுங்கள் என்றுதான் அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் கேட்டார். எல்லா நாற்காலிக்கும் இல்லை, சிலருடையதுக்கு மட்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

சாட்ஸ்வொர்த் ஆயாக்களில், அதாவது அங்கிருக்கும் பாட்டிகளில், பலர் ஐந்தடிக்கும் குறைவு. கடையில் வாங்கும் நாற்காலி 45, 46 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அவர்களுக்குப் பாதம் தரையில் படாது, விளிம்பு தொடையை அழுத்தும். அதனால் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை டேப் பிடித்து அளந்தோம். ஒரு ஆயா காலை இழுத்துக்கொண்டார். "செருப்போட அளக்கணும் தம்பி. வெறுங்காலோட நான் எங்க நடக்கிறேன்?" அவர் சொன்னது சரி, எல்லோரையும் மறுபடி அளந்தோம். 40, 43, 46 என்று மூன்று உயரத்தில் செய்தோம். முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் நுழையும் இடம் விட்டோம். உட்காரும் இடத்துக்கு ரெக்சின், ஈரம் பட்டால் துடைக்க வேண்டுமே. முதுகுக்குத் துணி, ஏனென்றால் டர்பனில் பிப்ரவரி மாதம் ரெக்சினில் சாய்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் எழுந்திருப்பதற்காகச் செய்தது. இடுப்பை முன்னால் நகர்த்தி, பாதத்தை முழங்காலுக்கு அடியில் இழுத்து, தலையை முழங்காலைத் தாண்டிக் குனிந்து, கையை ஊன்றினால்தான் உடம்பு கிளம்பும். கைப்பிடி முன்விளிம்பு வரை நீண்டதும், பாதம் பின்னால் போகக் கீழே குறுக்குச் சட்டம் வைக்காததும் அதற்குத்தான். பின்கால் நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் இருக்கை இன்னும் ஐந்து டிகிரி பின்னால் சாயும். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் யாராவது கைகொடுத்தால்தான் எழ முடியும்.

சிஸ்டருக்கு வேண்டியதே அதுதான். "ராத்திரி ரெண்டு பேர்தான் டியூட்டியில இருக்கோம் அண்ணா. ஒருத்தரைக் கழுவிக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் எழுந்து விழுந்தா நான் என்ன செய்ய? இடுப்பு எலும்பு உடைஞ்சா அதோட படுக்கைதான்."

கட்டிப்போடாமல் கட்டிப்போடுவது போல ஆகிவிடுமே என்றேன். 2006-ஆம் வருஷத்து முதியோர் சட்டத்தைக்கூட இழுத்தேன். சட்டம் ராத்திரி டியூட்டிக்கு வருமா என்று கேட்டார். உட்கார்ந்தே இருந்தால் தொடை வலு போய், எழும் அன்றைக்கு இன்னும் மோசமாக விழுவார்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. "அது அடுத்த வருஷத்துக் கதை, நான் இன்னிக்கு ராத்திரியைச் சொல்றேன்" என்றார்.

இதற்குப் பதில் என்னிடம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆள் பற்றாக்குறையை மரத்தை அறுத்துச் சரிக்கட்ட முடியாது என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. நல்ல வாக்கியம்தான். ஆனால் அந்த ராத்திரி அங்கே இருக்கப்போவது நான் இல்லையே.

கைப்பிடி ஆடுகிறது என்று அப்புறம் ஒருமுறை கூப்பிட்டார்கள். போனால், இரண்டு நாற்காலிகளின் பின்கால்கள் அறுபட்டிருந்தன. ரம்பம் பிடிக்கத் தெரியாதவர் வேலை. ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. பொத்தென்று உட்கார்ந்தால் பின்னால் மல்லாந்துவிடும் என்று கத்தினேன். பிறகுதான் அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தேன். செருப்போடு அளக்கச் சொன்ன அதே ஆயா.

"இப்பத்தான் தம்பி நல்லா இருக்கு. முன்னால வழுக்கிக்கிட்டே இருப்பேன்."

அதுவும் உண்மைதான். முன்னால் சரிகிறவர்களுக்குக் கொஞ்சம் சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் வால் எலும்புப் பக்கம் தோல் உரசிப் புண்ணாகும். அதற்காக மூன்று டிகிரி நானே வைத்திருந்தேன். அவருக்கு அது போதவில்லை போல.

"எழும்ப முடியுதா ஆயா?"

"எழும்பி எங்க போக?"

அலுப்பில் சொன்னாரா, கேலியா, தெரியவில்லை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். எங்கே இருக்க வேண்டும் என்று நிறவெறி ஆட்சியில் யாரோ முடிவுசெய்து 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறை. அதனால்தான் இப்படிப் பழகிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியம், என் வாதம் ஜெயிக்கிறது. அவருக்கு அந்தச் சாய்வு வெறுமனே பிடித்தும் இருக்கலாம். பிடித்திருக்கிறது என்றவரிடம், உங்களுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்று எப்படிச் சொல்வது? இல்லத்தில் எல்லோரும் அவரிடம் அதைத்தானே சொல்கிறார்கள்.

பழைய காலைத் திரும்ப ஒட்டவில்லை. நான்கு காலையும் மட்டம் பார்த்து, நாற்காலி பின்பக்கம் மல்லாந்துவிடாமலிருக்கப் பின்கால்களோடு சேர்த்துப் பின்னோக்கி நீளும்படி ஒரு கட்டை வைத்தேன். அறுத்த மரம் துடைக்கும் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், அதனால் ரப்பர் குமிழும் மாட்டினேன். மாட்டிக் கொடுத்ததால் நான் ஒத்துக்கொண்டேன் என்றாகிவிடுமா? சிஸ்டர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 'அந்த மாதிரி' இன்னும் ஆறு வேண்டும் என்று ஆர்டர் வந்திருக்கிறது. விலை இன்னும் சொல்லவில்லை.